மாட்டின் மடிநோய்க்கு மஞ்சளும் கற்றாழையும் போதுமா?

கறவை மாட்டுக்கு மடிவீக்க நோய் வந்தால் அதை வளர்ப்பவருக்கு இரண்டு முறை நட்டம். முதலில் நோயால் பால் குறைகிறது; கறக்கும் பாலும் திரிதிரியாக, சில வேளைகளில் இரத்தம் கலந்து வருகிறது. அடுத்து, கால்நடை மருத்துவர் ஆன்டிபயாடிக் மருந்தைக் காம்பின் வழியே செலுத்துகிறார். மாடு தேறத் தொடங்கினாலும் மருந்து உடலைவிட்டு நீங்கும்வரை அந்தப் பாலை விற்கக்கூடாது. மருந்தைப் பொறுத்து மூன்று நான்கு நாள்களோ அதற்கு மேலோ கறந்த பாலைக் கொட்டத்தான் வேண்டும். இருநூறு மாடுகள் உள்ள பண்ணைக்கு இது கணக்கேட்டில் ஒரு வரி. இரண்டே மாடுகளை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு அந்த வாரத்தின் பாதி வருமானம்.

எல்லாரும் கொட்டிவிடுகிறார்களா? இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் எச்சம் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. 1.2 விழுக்காடுதானே என்று தோன்றலாம். ஆனால், ஆண்டுக்கு 230 மில்லியன் டன்னுக்கு மேல் பால் உற்பத்தி செய்து உலகில் முதலிடத்தில் இருக்கும் நாடு அது. அங்கே 1.2 விழுக்காடு என்றால் எத்தனை குவளைப் பால் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பாலைக் கொட்டவும் வேண்டாம், மருந்து எச்சமும் வேண்டாம், மாடும் பிழைக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒருசேரத் தரக்கூடியது என்ற நம்பிக்கையில்தான் இயற்கைப் பொருள்களின்மேல் இன்று பலருடைய பார்வை திரும்பியிருக்கிறது. அந்த நம்பிக்கையில் எவ்வளவு அறிவியல், எவ்வளவு ஆசை என்பதே நம் கேள்வி.

ஐ.நா. தீர்மானத்தில் காணாமற்போன எண்

இது மாட்டுக் கொட்டகையோடு முடிந்துவிடும் செய்தி அன்று. 2019ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் 1.27 மில்லியன் பேர் நேரடியாக உயிரிழந்தனர் என்றும், 4.95 மில்லியன் மரணங்களில் அத்தகைய கிருமிகளுக்குப் பங்கு இருந்தது என்றும் 2022இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் உலகத் தலைவர்கள் கூடி, இந்த மரணங்களை 2030க்குள் 10 விழுக்காடு குறைக்க உறுதி எடுத்தனர்.

அதே தீர்மானத்தின் தொடக்க வரைவில் இன்னோர் எண்ணும் இருந்தது. வேளாண்மை, கால்நடைத் துறையில் இத்தகைய மருந்துகளின் பயன்பாட்டை 2030க்குள் குறைந்தது 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது அது. இறுதி வடிவத்தில் அந்த எண் இல்லை. ‘குறிப்பிடத்தக்க அளவில்’ குறைக்க வேண்டும் என்ற சொற்கள்தான் மிஞ்சின. எண் இருந்தால் கணக்குக் கேட்கலாம். ‘குறிப்பிடத்தக்க’ என்பதற்கு யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது? இறைச்சியும் பாலும் உற்பத்தி செய்யும் நாடுகளுக்கு இந்த மருந்துகளை விடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மனிதர்களிடம் காணப்படும் மருந்து எதிர்ப்பாற்றலில் பெரும்பகுதிக்கு மனிதர்களே மருந்துகளைத் தாறுமாறாகப் பயன்படுத்துவதுதான் காரணம். எல்லாப் பழியையும் பண்ணைகள்மேல் போடுவது சரியன்று. ஆயினும் கொட்டகைக்கும் மருத்துவமனைக்கும் இடையே சுவர் இல்லை. கோலிஸ்டின் என்னும் மருந்து, வேறெதற்கும் அடங்காத கிருமிகளுக்கு மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் ஆயுதம். அதை எதிர்க்கும் மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய வடிவில், 2015இல் சீனாவில் கண்டறியப்பட்டது. பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் அது இருந்தது. பண்ணைகளில் கோலிஸ்டினை வளர்ச்சியூக்கியாகத் தீவனத்தில் கலந்து கொடுத்த பழக்கம் விசாரணைக்கு வந்தது. சீனா, மலேசியா, இந்தியா என அடுத்தடுத்துத் தடைகள் வந்தன. மலேசியாவில் 2019 ஜனவரி முதல் உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கு அதைக் கொடுக்க முடியாது.

தஞ்சாவூர்க் களிம்பு

இனி மூலிகைக்கு வருவோம். இத்துறையில் இன்று உலகின் கவனத்தைப் பெற்றிருக்கும் முயற்சிகளில் ஒன்று தமிழ்நாட்டில் பிறந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் அவருடன் பணியாற்றியவர்களும் கிராமங்களில் வழங்கிவந்த மாட்டு வைத்திய முறைகளைத் திரட்டினார்கள். அவற்றில் பயன்படும் என்று தோன்றியவற்றை அளவு, செய்முறை, கால அளவு என்று ஒழுங்குபடுத்தினார்கள். ‘மரபுசார் கால்நடை மருத்துவம்’ என்ற பெயரில் அது பரவியது. பெங்களூரில் உள்ள பல்துறைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்தனர். பிறகு இந்தியாவின் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் அதைக் கையில் எடுத்து, பால் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பல மாநிலங்களுக்குக் கொண்டுசென்றது.

மடிநோய்க்கான செய்முறை எளியது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் செந்நிறக் களிம்பு கிடைக்கும். மடியை நன்கு கழுவி, களிம்பில் ஒரு பிடி எடுத்து நீர் கலந்து மடி முழுவதும் பூச வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து முறை, ஐந்து நாள்களுக்கு. களிம்பை அன்றன்று புதிதாக அரைக்க வேண்டும். கூடவே எலுமிச்சம் பழங்களை நறுக்கி மாட்டுக்குத் தின்னக் கொடுக்க வேண்டும். பாலில் இரத்தம் வந்தால் கறிவேப்பிலையும் வெல்லமும் சேரும்.

மஞ்சள் நிறப் பொருள் ஏன் சிவக்கிறது என்று வேதியியல் படிக்கும் மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் ஒரு நிறங்காட்டி. சுண்ணாம்பின் காரத்தன்மை அதைச் சிவக்கவைக்கிறது. ஆரத்தித் தட்டில் பார்ப்பதும் இதே வினைதான். குர்குமினுக்கு வீக்கத்தைத் தணிக்கும் ஆற்றலும், ஆய்வகத் தட்டில் சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் ஆற்றலும் இருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

இந்த முறையால் ஏறத்தாழ 80 விழுக்காட்டு மாடுகள் குணமடைவதாகப் பால்வள வாரியம் சொல்கிறது. செலவு மிகக் குறைவு. பாலில் ஆன்டிபயாடிக் எச்சம் என்ற பேச்சே இல்லை. இந்திய அரசும் ஆர்வம் காட்டுகிறது. 2025 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திருத்தப்பட்ட கால்நடை நலத் திட்டத்தில் மரபுசார் மருத்துவ அறிவை ஆவணப்படுத்தும் பணியும் இடம்பெற்றுள்ளது.

80 விழுக்காடு என்றால் என்ன?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஓர் எண்ணைக் கேட்டதும் ‘எதோடு ஒப்பிட்டு?’ என்று கேட்பது அறிவியல் மாணவரின் முதல் பழக்கமாக இருக்க வேண்டும்.

மடிநோய் ஒரே நோய் அன்று. மடிக்குள் நுழையும் பல்வேறு கிருமிகளால் வரும் அழற்சிக்குப் பொதுப் பெயர் அது. ஈ.கோலை புகுந்தால் மாட்டின் உடலே பெரும்பாலும் சில நாள்களில் அதை விரட்டிவிடும். எப்போதாவது கடுமையாகத் தாக்கினால் ஒரே நாளில் மாடு விழுந்துவிடவும் கூடும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வேறு ரகம். மடித் திசுவின் செல்களுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு மாதக்கணக்கில் தங்கும். வெளியே வீக்கம் வடிந்திருக்கும். பாலும் பார்க்க நன்றாக இருக்கும். கிருமி மட்டும் உள்ளே இருக்கும். ஆன்டிபயாடிக்கே அதனிடம் பல நேரம் தோற்றுப்போகிறது. இன்னொரு பக்கம், நோய்க்குறியோடு வரும் மாடுகளில் ஒரு பகுதியின் பாலை ஆய்வகத்தில் சோதித்தால் பாக்டீரியாவே வளர்வதில்லை. உடல் ஏற்கெனவே வேலையை முடித்துவிட்டது. வீக்கம் மட்டும் பாக்கி.

ஆக, நூறு மாடுகளுக்குக் களிம்பு பூசி எண்பது தேறினால், அந்த எண்பதில் களிம்பால் தேறியவை எத்தனை, எதுவும் செய்யாமலே தேறியிருக்கக்கூடியவை எத்தனை என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு ஒப்பீட்டுக் குழு தேவை. தேறியது என்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். வீக்கம் வடிந்தால் போதுமா, பாலில் உள்ள உடலணுக்களின் எண்ணிக்கை இறங்க வேண்டுமா, அல்லது பாலை வளர்ப்புத் தட்டில் இட்டுக் கிருமி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டுமா? மூன்றும் மூன்று வெவ்வேறு விடைகளைத் தரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாளைக்குப் பத்து முறை மடியைக் கழுவிப் பூசும் மாட்டுக்குக் கிடைப்பது களிம்பு மட்டுமில்லை. மடி சுத்தமாகிறது. கைபடுகிறது. கெட்ட பால் அடிக்கடி பீய்ச்சி வெளியேற்றப்படுகிறது. கவனிப்பாரற்றுக் கிடந்த மாட்டை ஐந்து நாள்கள் ஒருவர் அருகிலிருந்து பார்த்துக்கொள்கிறார். இவை ஒவ்வொன்றும் நோயைக் குறைக்கக்கூடியவை. தோலின்மேல் பூசிய மஞ்சள், மடியின் ஆழத்தில் உள்ள பால் சுரப்பிகள்வரை எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதற்கும் விடை வேண்டும்.

இதனால் களிம்பு பொய் என்று ஆகிவிடாது. என்னுடைய கணிப்பு இதுதான்: மடியில் சிறிய வீக்கமும் பாலில் லேசான மாற்றமும் உள்ள, காய்ச்சல் இல்லாத மாட்டுக்கு இதை முதல் கட்டமாகப் பயன்படுத்துவது நியாயமான தேர்வு. அத்தகைய மாடுகளில் பலவற்றுக்கு ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது. தேவையில்லாத இடத்தில் அதைத் தவிர்க்க விவசாயிக்கு ஒரு வழி கிடைப்பதே பெரிய காரியம். மாடு தீனி எடுக்காமல், காய்ச்சலோடு, எழ முடியாமல் கிடக்கும்போதும் மஞ்சள் அரைத்துக்கொண்டிருப்பது கொடுமை. அந்த எல்லைக்கோடு எங்கே என்பதைக் களிம்பின் செய்முறையோடு சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

அமெரிக்காவின் இயற்கைப் பண்ணைகளில் இந்த எல்லைக்கோடு உண்மையான சங்கடமாகவே இருக்கிறது. அங்கே விதி கடுமையானது. ஒரு முறை ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் அந்த மாட்டின் பாலை ‘ஆர்கானிக்’ என்று இனி விற்க முடியாது. அதே விதி, சான்றிதழ் போய்விடும் என்பதற்காகச் சிகிச்சை அளிக்காமல் இருக்கவும் கூடாது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நோயுற்ற மாட்டின் அருகே நிற்கும் பண்ணையாளர் எந்த நேரத்தில் ஊசியை எடுப்பார்? ஐரோப்பிய ஒன்றியம் இதில் சற்று நெகிழ்வானது. தேவைப்பட்டால் வரம்புக்குள் சிகிச்சை அளிக்கலாம். பாலை நிறுத்திவைக்கும் காலம் மட்டும் கூடும். எனக்கு இந்த ஏற்பாடே மாட்டுக்கு நல்லது என்று படுகிறது.

‘இயற்கை’ என்ற சொல்

விளம்பரங்களில் ‘இயற்கை’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘பாதுகாப்பானது’ என்று படித்துப் பழகிவிட்டோம். பெனிசிலின் எங்கிருந்து வந்தது? ஒரு பூஞ்சையிலிருந்து. அதைவிட இயற்கையானது எது?

இங்கிலாந்தில் மடிநோய் வந்த மாடுகளின் பாலை ஆராய்ந்தவர்கள், 2011இல் ஒரு புதுவகை எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியைக் கண்டார்கள். மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத அந்தக் கிருமியில் இருந்த எதிர்ப்பு மரபணு வழக்கமான சோதனைகளில் பிடிபடவில்லை. மனிதர்களிடமும் அது இருந்தது. பண்ணைகளில் பயன்படுத்திய மருந்துகளால்தான் இது தோன்றியிருக்கும் என்றே பலரும் நினைத்தனர். 2022இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு கதையை மாற்றியது. ஐரோப்பாவின் முள்ளெலிகளின் தோலில் வாழும் ஒரு பூஞ்சை, பெனிசிலின் வகை மருந்தைத் தானே சுரக்கிறது. அங்கே அதோடு போட்டியிட்டு வாழ்ந்த பாக்டீரியாக்களிடம் ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே அந்த எதிர்ப்பாற்றல் தோன்றிவிட்டது. மனிதன் மருந்து கண்டுபிடிப்பதற்கு நூறாண்டுக்கும் மேல் முன்னதாக!

எந்தப் பொருளாக இருந்தாலும், பாக்டீரியாவைக் கொல்லும் ஆற்றல் அதற்கு இருந்தால், தப்பிப் பிழைக்கும் பாக்டீரியாவையும் அது தேர்ந்தெடுக்கும். மூலிகைச் சாறும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான். ஒரே மூலக்கூறுக்குப் பதிலாகப் பல மூலக்கூறுகள் சேர்ந்து தாக்குவதால் எதிர்ப்பு மெதுவாக வரலாம் என்ற வாதம் உண்டு. அது ஏற்கத்தக்க கருதுகோள், மெய்ப்பிக்கப்பட வேண்டியது.

பாலுக்குள்ளேயே இருந்த மருந்து

நைசின் என்ற பொருளின் வரலாறு இதற்கு நல்ல பாடம். ஃபிளெமிங் பெனிசிலினைக் கவனித்த அதே 1928இல், பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா ஒன்று மற்ற பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதை அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். அது சுரக்கும் சிறு புரதமே நைசின். உணவு கெடாமல் காக்க அதைச் சேர்க்கலாம் என்று 1969இல் உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனமும் இணைந்த நிபுணர் குழு ஏற்றது. பாலாடைக்கட்டிப் பொட்டலத்தில் இ234 என்ற குறியீட்டைக் கண்டால் அது இதுதான். மடிநோய்க் கிருமிகள் பலவற்றை நைசின் கொல்கிறது. சாப்பிட்டாலும் தீங்கில்லை. அப்படியானால் மடிக்குள் செலுத்திவிட்டுப் பாலையும் கொட்டாமல் விற்கலாமே?

அமெரிக்க நிறுவனம் ஒன்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதற்காகவே முயன்றது. ஒரு மருந்தை மாட்டுக்குக் கொடுக்க அனுமதி பெறுவது, உணவில் சேர்க்க அனுமதி பெறுவதைவிடப் பல மடங்கு கடினம். அதைவிட வேடிக்கையான சிக்கல் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் காத்திருந்தது. பாலாடைக்கட்டி செய்யப் பாலில் நல்ல பாக்டீரியாக்களைச் சேர்ப்பார்கள். நைசின் கலந்த பால் வந்தால் அவையும் செத்துவிடும்! மனிதருக்கு ஒன்றும் ஆகாது. பால் மட்டும் கட்டியாகாது. நைசினை வெட்டிச் செயலிழக்கச் செய்யும் புரதத்தை உருவாக்கிக்கொண்ட பாக்டீரியாக்களும் ஏற்கெனவே இருக்கின்றன. மடிநோய்க்குக் காரணமான ஸ்டிரெப்டோகாக்கஸ் இனம் ஒன்றும் அதில் அடக்கம்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களான ஃபேஜ்களையும் மடிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்டெஃபிலோகாக்கஸ் தொற்றிய 18 மடிப் பகுதிகளில் மூன்றுதான் குணமாயின. ஆய்வகத்தில் பாய்ந்து தாக்கும் ஃபேஜ், பச்சைப் பாலில் உள்ள புரதங்களால் முடங்கிப்போகிறது. தட்டில் வெல்வது வேறு, மடியில் வெல்வது வேறு.

நெதர்லாந்து எதைச் செய்தது?

மருந்தைக் குறைத்துக் காட்டிய நாடு எதுவென்று பார்த்தால் நெதர்லாந்து முன்னால் நிற்கிறது. 2009க்குப் பிறகு பத்தாண்டுகளில் பண்ணை விலங்குகளுக்கான ஆன்டிபயாடிக் விற்பனை அங்கே ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. இதற்கு எந்தப் புதிய மூலிகையும் காரணமில்லை. ஒவ்வொரு பண்ணையும் எவ்வளவு மருந்து வாங்குகிறது என்று பதிவுசெய்து, மற்றப் பண்ணைகளோடு ஒப்பிட்டார்கள். அதிகம் வாங்கியவரும் எழுதிக்கொடுத்த மருத்துவரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கறவை நிறுத்தும் காலத்தில் எல்லா மாடுகளுக்கும் முன்னெச்சரிக்கையாக மருந்து செலுத்தும் பழக்கத்தை நிறுத்தி, தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் கொடுத்தார்கள். தொற்று இல்லாத மாடுகளுக்குக் காம்பின் துளையை அடைக்கும் மருந்தில்லாப் பசை போதும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2022 ஜனவரி முதல் இதைப் போன்ற கட்டுப்பாடு சட்டமாகிவிட்டது.

வெப்பமும் ஈரமும் மிகுந்த மலேசியாவில் மடிநோய்க்கு வாய்ப்பு அதிகம். சேறான தொழுவம் கிருமிக்கு விருந்து. கறந்து முடித்தபின் காம்பின் துளை மூட அரை மணி நேரம்வரை ஆகும். அதற்குள் மாடு சேற்றில் படுத்துவிட்டால் கிருமிக்குக் கதவு திறந்தே இருக்கிறது. கறந்ததும் காம்பைக் கிருமிநாசினியில் நனைத்து, மாட்டுக்கு முன்னால் தீனி வைத்தால் அது நின்றுகொண்டே தின்னும். எந்தக் களிம்பையும்விட மலிவான தடுப்புமுறை இது. தோட்டப்புறங்களில் மாடு வளர்த்த நம் தாத்தா பாட்டிகள் கறந்ததும் தவிடு வைத்த பழக்கத்திற்கு இப்படியும் ஒரு பயன் இருந்திருக்கிறது.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் பஃபலோ சாலை என்ற பெயரில்தான் மாட்டு வணிகத்தின் நினைவு மிஞ்சியிருக்கிறது. பால் வெளிநாட்டிலிருந்து வருகிறது. மலேசியாவிலோ சிறு பண்ணையாளர்களில் இன்றும் தமிழர்கள் இருக்கிறார்கள். அந்நாட்டின் 2022 முதல் 2026 வரையிலான எதிர்ப்பாற்றல் தடுப்புச் செயல்திட்டம் மனித மருத்துவத்தையும் கால்நடையையும் சேர்த்தே பார்க்கிறது. தஞ்சாவூர்க் களிம்பைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். ஒரே மாதிரியான மாடுகளை இரு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்குக் களிம்பு; மற்றதற்கு அதே பத்து முறை கழுவலும் பீய்ச்சலும், களிம்பு மட்டும் இல்லாமல். காய்ச்சல் கண்ட மாட்டை உடனே மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டும். சிகிச்சைக்கு முன்பும் மூன்று வாரம் கழித்தும் பாலை வளர்ப்புத் தட்டில் இட்டுப் பார்க்க வேண்டும். பாலைச் சோதிப்பவருக்கு எந்த மாடு எந்தக் குழு என்பது தெரியக்கூடாது. களிம்பின் செந்நிறம் மடியில் ஒட்டியிருக்கும் என்பதால், கறப்பவரும் சோதிப்பவரும் வெவ்வேறு ஆள்களாக இருக்க வேண்டும்.